பதில் கொடி வரும்வரை

“பாயை அறு! பாயை அறுலே!”

சந்தியாகு மச்சான் கத்துகிறார். வள்ளத்தின் முன்பக்கம் நிற்கிறார். கையில் கத்தி. வள்ளம் ஒருக்களித்து ஓடுகிறது. நாங்கள் ஓட்டவில்லை. அதுவாக ஓடுகிறது. கார்த்திகை மாதம். சனிக்கிழமை. பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது. வெளிச்சம் இல்லை.

பாய் கிழிகிறது. பர்ரென்று ஒரு சத்தம். பிறகு பாய் இல்லை. கிழிந்த துணி என் முகத்தில் அடித்துவிட்டுப் பறந்து போகிறது. பின்னால் அலை எழுகிறது. முதலில் ஓர் இரைச்சல். பிறகு ஒன்றுமே இல்லை. காது அடைத்த மாதிரி ஓர் அமைதி. அதற்குப் பிறகுதான் டமார். மச்சான் பர்மாவில் பட்டாளத்துக்குச் சோறாக்கிப் போட்டவர். குண்டு விழுந்த இடங்களிலிருந்து உயிரோடு வந்தவர். விழுவதற்கு முன்னால் வருகிற அமைதிதான் பயம் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் எனக்கு அது புரிந்தது.

“தலையைக் குனிங்கலே!”

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. அடுத்த அலையில் பாய்மரம் முறிந்தது. முறிந்த மரம் அவரைத் தூக்கிக்கொண்டு போனது. கத்தியோடு போனார். வள்ளம் கவிழ்ந்தது. தண்ணீருக்குள் கறுப்பு. வாயெல்லாம் உப்பு. மேலே வந்தபோது என் வலது கை வள்ளத்தின் அடியைப் பிடித்திருந்தது. இடது கை என் தம்பி தொம்மையின் கையைப் பிடித்திருந்தது.

“அண்ணே, விட்றாத!”

விடவில்லை. இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். நான் விடவில்லை. தொம்மையின் கை என் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. என் இரண்டு விரல் நகமும் அதோடு போயின.

அய்யா செத்த பிறகு அவனுக்கு எல்லாம் நான்தான். அந்த வருஷம் அவனுக்குக் கல்யாணம். கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார். அதைத்தான் ஓலை என்போம். மூன்றாவது ஓலை மறுநாள் வாசிக்க இருந்தது. யாருக்கும் தடை தெரியவில்லை.

என் பெயர் சவரி. ஊர் கொம்பன்முனை. ராமநாதபுரத்துக் கடற்கரை, புதுமடம் தாண்டி மேற்கே. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் புயல் அடித்தது, ஆள் செத்தது என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். தலையெழுத்து என்கிறார்கள். தலையெழுத்தும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எங்களைக் கடலுக்கு அனுப்பியது ஒரு சேதி. அது பொய்ச் சேதியும் இல்லை. உண்மைச் சேதி. முந்தின நாள் உண்மை.

அப்போது எங்கள் பக்கம் ரேடியோ கிடையாது. துறைமுக ஊருக்கு மட்டும் தந்தி வரும். தந்தியைப் பார்த்து அங்கே கொடி ஏற்றுவார்கள். சிவப்பு என்றால் கடலுக்குப் போகாதே. வெள்ளை என்றால் போ. துறைமுகக் கொடி எங்கள் ஊரிலிருந்து தெரியாது. நடுக்குடிக்குத் தெரியும். நடுக்குடியில் ஏற்றுவதைப் பழையவாடி பார்க்கும். பழையவாடியில் ஏற்றுவதை நாங்கள் பார்ப்போம். எங்களுக்கு அப்பால் முள்ளுக்காடு. சேதி எங்களோடு முடிந்தது.

ஆளை அனுப்பிச் சொன்னால் என்ன என்று கேட்கலாம். பழையவாடிக்கும் எங்களுக்கும் நடுவில் ஓடை. வெயில் காலத்தில் குழந்தைகூட நடந்து தாண்டும். மழை பெய்துவிட்டால் யானை நின்றாலும் இழுத்துப் போகும். புயல் காலத்தில் கொடி ஒன்றுதான் வாய்.

கொடி போகிறதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். கொடி ஏற்றினால் அடுத்த ஊர் அதே நிறத்தில் பதில் கொடி ஏற்ற வேண்டும். பதில் வரும்வரை ஏற்றிய கொடியை இறக்கக் கூடாது. மாற்றக் கூடாது. முந்தி வந்த சேதி முந்திப் போக வேண்டும். பிந்தி வந்தது பிந்தித்தான் போக வேண்டும். ஒன்றையும் விழுங்கக் கூடாது. கோயிலிலும் சத்தியம் செய்தோம், பள்ளிவாசலிலும் சத்தியம் செய்தோம்.

அந்தக் கட்டுப்பாட்டைக் கேட்டு வாங்கியது எங்கள் ஊர்தான். அதுதான் வயிறு எரிகிறது. அதற்கு முன்னால் ஒரு வருஷம் பழையவாடிக்காரர்கள் ஒரு வெள்ளையை எங்களுக்கு ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். உடனே சிவப்பு வந்துவிடும், எதற்கு வீண் வேலை என்று நினைத்தார்களாம். சிவப்பு வரவில்லை. மூன்று ஊரும் சாளை மீனை அள்ளிக் குவித்தது. நாங்கள் கரையில் உட்கார்ந்து ஈ ஓட்டினோம். அரிவாளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனோம். இரண்டு மண்டை உடைந்தது. கடைசியில் கூட்டம் போட்டு இந்தக் கட்டுப்பாட்டை வாங்கினோம். ஜெயித்துவிட்டோம் என்று வெடி போட்டோம்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஆள்தான் வேண்டாம் என்றார். சந்தியாகு மச்சான். என் அக்காள் பிலோமியின் புருஷன்.

“பர்மாவுல ஒரு மேட்டைப் பிடிச்சு நில்லுன்னு ஆர்டர் வந்துச்சு. ஆள் மாத்தி ஆள் ஓடிக் கொண்டாந்த ஆர்டர். அது வந்து சேரும்போது அந்த மேடு எதிரி கையில இருக்கு. திரும்பி வாங்கன்னு அடுத்த ஆர்டரும் பின்னாலயே வந்துருச்சு. முந்துனதைக் குடுத்து முடிச்சுட்டுத்தான் பிந்துனதைக் குடுப்பேன்னு நின்னான் ஒருத்தன். மேட்டுக்குப் போனவுக ஒருத்தரும் வரலை. புதுசு வந்துட்டா பழசை எறக்கிரணும்ப்பா. மீனு நாறினா மூக்கு சொல்லும். சேதி நாறினா எது சொல்லும்?”

லாசர் சம்மாட்டி எங்கள் ஊர்ப் பெரியவர். வள்ளங்களில் பாதி அவருடையது. விழுந்து விழுந்து சிரித்தார். “சமையக்காரனுக்கு நாத்தம்தானப்பா நெனப்பு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். மச்சானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் கார்த்திகைக்கு வருகிறேன்.

முதலில் ஒரு சின்னப் புயல். வாரம் முழுக்க சிவப்பு. வள்ளங்கள் கரையில். வீட்டில் அரிசி தீர்ந்தது. கருவாடு தீர்ந்தது. முதுகுளத்தூரிலிருந்து வருகிற மிளகாய் வண்டிக்காரனும் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பனங்கிழங்கை அவித்துக் கொடுத்தோம். அழுகிற பிள்ளையை அடிக்கிற சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தச் சின்னப் புயல் ஒழிந்தது. துறைமுகத்தில் வெள்ளை ஏறியது. நடுக்குடி வெள்ளை ஏற்றியது. பழையவாடியும் ஏற்றியது. எங்களுக்கும் பழையவாடிக்கும் நடுவில் மழை மூட்டம். நாங்கள் பார்க்கவில்லை. பதில் ஏற்றவில்லை. இருட்டிவிட்டது.

சனிக்கிழமை விடியும்போது துறைமுகத்துக்கு வேறு தந்தி வந்தது. பின்னால் பெரிய புயல் வருகிறது. துறைமுகத்தில் சிவப்பு. நடுக்குடியில் சிவப்பு. பழையவாடியில் கொடி பார்க்கிறவர் மம்மது காக்கா. அவர் அந்தச் சிவப்பைப் பார்த்தார். அவர் ஊர் வள்ளங்கள் ஒன்றும் போகவில்லை. ஆனால் எங்களுக்கென்று தனியாக நட்ட மரத்தில் வெள்ளி சாயங்காலத்து வெள்ளை நின்றது. அதற்கு எங்கள் பதில் வரவில்லை. பதில் வராமல் மாற்றக் கூடாது. சிவப்புத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றார். எங்களுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது.

காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். மழை சற்று விட்டது. மூட்டம் விலகியது. தொம்மைதான் முதலில் பார்த்தான்.

“வெள்ளை! அண்ணே, வெள்ளை ஏறிருச்சு!”

ஊரே எழுந்து ஓடியது. பெண்கள் குலவை போட்டார்கள். நாங்கள் பதில் வெள்ளை ஏற்றினோம். சம்மாட்டி சிலுவை போட்டுக்கொண்டு வள்ளங்களைத் தள்ளச் சொன்னார். சந்தியாகு மச்சான் மட்டும் அசையவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு பழையவாடிப் பக்கம் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கிழக்கே ஒரு மஞ்சள் நிறம் இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

“இது எப்பத்த வெள்ளை?” என்றார்.

யாருக்குத் தெரியும்? துணியில் நேரமா எழுதியிருக்கிறது?

“இப்பத்தானா, காலையிலயா, நேத்தா? எவனாச்சும் சொல்லுங்கப்பா.”

“மச்சான், நீங்க கரையில இருந்து சோறாக்குங்க. நாங்க மீனு கொண்டாரோம்” என்றான் தொம்மை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சான் அவன் பிடரியில் ஒன்று போட்டார். பிறகு வள்ளத்தில் ஏறினார். மச்சினன் இரண்டு பேரும் போகும்போது அவர் எப்படிக் கரையில் நிற்பார்? அப்படிப்பட்ட ஆள் இல்லை.

ஆறு வள்ளம் போனது. வள்ளத்துக்கு மூன்று பேர்.

அலை முறிகிற இடத்தைத் தாண்டிவிட்டோம். பாய் விரித்தாயிற்று. அப்போது தொம்மை கரையைப் பார்த்துக் கையை ஆட்டினான். நானும் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் கரையோரமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். முந்தானையை அவிழ்த்து வீசினார்கள். பிலோமி அக்காள் எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். தண்ணீரில் இறங்கி ஓடினாள்.

“அக்காவைப் பாருண்ணே, எம்புட்டு சந்தோசம்!” என்றான் தொம்மை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

அவள் கத்தியது சிவப்பு, சிவப்பு என்று. எங்கள் பதில் வெள்ளையைப் பார்த்ததும் மம்மது காக்கா தன் கடமையைச் செய்தார். வெள்ளையை இறக்கினார். சிவப்பை ஏற்றினார். நாங்கள் பதில் கொடுத்து ஒரு பீடி இழுத்து முடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. பெண்கள் பார்த்துவிட்டார்கள். பதில் சிவப்பு ஏற்றவும் தோன்றாமல் கரைக்கு ஓடிவிட்டார்கள். காற்று கடலிலிருந்து கரைப்பக்கம் அடித்தது. அவர்கள் குரல் கடலுக்கு வரவில்லை. சிவப்பு எங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் நாங்கள் பழையவாடிக் கொடிமரத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளையைப் பார்த்துவிட்ட பசித்தவன் மறுபடி எங்கே கொடியைப் பார்ப்பான். நாங்கள் எதிரே கடலில் கிடந்த ஆளில்லாத தீவுப் பக்கம் பார்த்துக்கொண்டு போனோம்.

மத்தியானம் தாண்டித் தீவுக்கு அருகில் வலை விட்டோம். கொண்டல் காற்று நின்றது. கடல் நிறம் மாறியது. வடக்கிலிருந்து வாடைக்காற்று எழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கரையில் கண்டெடுத்தார்கள். மாரியூர்ப் பக்கம். உடம்பில் துணி இல்லை. யாரோ ஒரு புண்ணியவதி கஞ்சி ஊற்றினாள். மாட்டு வண்டியில் போட்டுத் திங்கட்கிழமை ஊருக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

ஊர் என்று ஒன்று இல்லை. கோயிலின் ஓட்டுக்கூரை தரையில் கிடந்தது. குடிசைகள் போய்விட்டன. கொடிமரம் அடியோடு சாய்ந்து கிடந்தது. கொடிகளையும் காணோம். ஒரே ஒரு வள்ளம் சனிக்கிழமை இருட்டுவதற்குள் தட்டுத் தடுமாறிக் கரை சேர்ந்திருந்தது, மூன்று பேரோடு. ஒருவன் பலகையைப் பிடித்து நீந்தி வந்திருந்தான். ஐந்தாவது நான். பிலோமி அக்காள் என்னைப் பார்த்தாள். என் பின்னால் பார்த்தாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மணலில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கு வானம் சுத்தமாக இருந்தது. கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. இத்தனை பேரைத் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி கிடக்கிறதே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், பழையவாடி மரத்தில், சிவப்புக் கொடி நின்றது.

நான் சம்மாட்டியிடம் போனேன். அவருடைய மகன் அருளப்பனும் வரவில்லை. கிழவர் கட்டிலில் முகத்தை மூடிப் படுத்திருந்தார்.

“வள்ளத்தைக் குடுங்க. தீவுல போய்ப் பாத்துட்டு வாரேன். தொம்மை கை நழுவும்போது தீவு பக்கத்துலதான் இருந்துச்சு. ஒதுங்கியிருப்பான். அருளப்பனும் ஒதுங்கியிருக்கலாம்.”

“கொடியைப் பாத்தியா?”

“கடலைப் பாருங்க. கொளம் மாதிரி கெடக்கு.”

“சனிக்கெழமையும் வெள்ளையைப் பாத்துட்டுத்தான்டா அனுப்பினேன். அங்கன செவப்பு நிக்கிது. இன்னொன்னு வருதோ என்னமோ. மிச்சம் இருக்குற ஒத்த வள்ளத்தையும் உங்க அஞ்சு பேரையும் நான் காவு குடுக்க மாட்டேன். போடா.”

அவரை நான் குற்றம் சொல்லவில்லை. சூடு கண்ட ஆள். ஆனால் அவர் காலைப் பிடித்து உலுக்கினேன். அழுதேன். திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் முகத்தை மூடியே படுத்திருந்தார். மற்ற நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு ஆள் மட்டும் வள்ளத்தைத் தள்ள முடியாது. ஓடையில் வெள்ளம் நெஞ்சுக்கு மேலே ஓடியது. திங்கட்கிழமை முழுக்க ஓடைக்கரையில் நின்று அந்தச் சிவப்பைப் பார்த்தேன். என்ன எழவுக்கு அது நிற்கிறது என்று புரியவில்லை. பெரியவர் சொன்ன மாதிரி இன்னொன்று வருகிறதோ என்று எனக்கே பயம் வந்தது.

செவ்வாய்க்கிழமை வெள்ளம் வடிந்தது. இடுப்பளவு. கயிறு கட்டிக்கொண்டு தாண்டினேன்.

பழையவாடிக் கரையில் வள்ளங்கள் இல்லை. கிழவர்களும் பெண்களும் மட்டும் இருந்தார்கள். மீன் காய்ந்துகொண்டிருந்தது. புது மீன். ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிவப்புக் கொடிக்குக் கீழே மீன் காய்கிறது.

மம்மது காக்கா கொடிமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். மடித்த வெள்ளைத் துணி அவர் தோளில் கிடந்தது.

“சவரி! வாப்பா. உங்க ஊர்ல எல்லாரும் சொகமா? ஏன்ப்பா பதில் ஏத்தல?”

“எதுக்குப் பதில்?”

“செவப்புக்குப்பா. சனிக்கெழமை ஏத்துனேன்ல. அதுக்குப் பதில் வரலையே. நடுக்குடியில ஞாயித்துக்கெழமையே வெள்ளை ஏறிருச்சு. எங்காளுக நேத்துலருந்து கெழக்க கடலுக்குப் போறாக, உங்க பக்கம் தெரியாது. உங்களுக்குத்தான் வெள்ளையைச் சொல்ல முடியாம நிக்கிறேன்.”

“எங்க மரம் விழுந்து கெடக்கு, காக்கா. இங்கருந்து பாத்தா தெரியலையா?”

“தெரியுதுப்பா. நிமித்தி வச்சுப் பதில் குடுப்பீகன்னு காத்திருந்தேன். பதில் வராம எப்புடி மாத்துவேன்? பள்ளியில தொட்டுச் சத்தியம் பண்ணியிருக்கேன்ல. நீங்கதானப்பா கேட்டீக.”

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். அடிக்கத்தான் பிடித்தேன். அவர் தடுக்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததிலிருந்து சிவப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை அப்போதுதான் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் வாய் கோணியது. நாங்கள் பதில் ஏற்றியதும் உடனே மாற்றினாராம். ஒரு நொடி தாமதிக்கவில்லையாம். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் கடலுக்குப் போனது அவருக்குத் தெரியாது. சிவப்பைப் பார்த்து வள்ளத்தை இழுத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“போயிட்டோம், காக்கா” என்றேன். “ஆறு வள்ளமும் போயிருச்சு. அஞ்சு பேருதான் வந்துருக்கோம். நீங்க கேட்ட பதில் இதுதான். எறக்குங்க.”

அவர் உட்கார்ந்துவிட்டார். கயிற்றை அவிழ்க்க அவர் கை வரவில்லை. நான்தான் அவிழ்த்தேன். சிவப்பை நான் இறக்கினேன். வெள்ளையை அவர் ஏற்றினார். நான்கு நாளாக அவரைச் சாப்பிடச் சொல்லி அவர் வீட்டுப் பெண்கள் அந்த மரத்தடிக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறார்கள். தட்டு அங்கேயே இருந்தது. அந்த மனுஷனைப் பொல்லாதவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். முடியவில்லை.

அவருடைய சின்ன வள்ளம் ஒன்று கரையில் கிடந்தது. அதைத் தள்ளினோம். அவரும் நானும் தண்டு வலித்தோம். வழியெல்லாம் அவர் துஆ ஓதிக்கொண்டே வந்தார். நான் ஒன்றும் செபிக்கவில்லை. தீவில் புதர்தான் உண்டு. குடிக்கிற தண்ணீர் கிடையாது. மழைத்தண்ணீர் பாறைக் குழியில் நிற்கும், இரண்டு நாளைக்கு. அதை நினைத்துக்கொண்டு வலித்தேன்.

கரை நெருங்கும்போதே பார்த்துவிட்டேன். ஒரு கம்பு நட்டிருந்தது. அதில் வேட்டி கட்டியிருந்தது. வெள்ளை வேட்டி. எங்கள் ஊர்ப் பக்கம் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.

“தொம்மை! ஏலே தொம்மை!”

தண்ணீரில் குதித்து ஓடினேன். கம்புக்கு அடியில் படுத்திருந்தான். வலது கால் முட்டிக்குக் கீழே முறிந்திருந்தது. அதில் பலகையை வைத்துக் கட்டியிருந்தான். தானாகவே கட்டியிருக்கிறான். பக்கத்தில் சிப்பி ஓடுகள். மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு சங்கு. கம்பு சாய்ந்து சாய்ந்து நிமிர்த்தியதற்கு மணலில் நாலைந்து குழி இருந்தது. அவனைத் தூக்கினேன். கை மடங்கியது. கழுத்து மடங்கியது. கடலில் செத்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன். கட்டை மாதிரி இருப்பார்கள். இவன் உடம்பு விறைக்கவில்லை. அக்குளில் சூடு இருந்தது.

மம்மது காக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். “யா அல்லா, இன்னைக்குக் காலையிலயாப்பா? இன்னைக்குக் காலையிலதானா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவனை மடியில் போட்டுக்கொண்டு முதுகைத் தேய்த்தேன். நெஞ்சை அழுத்தினேன். வாயில் தண்ணீர் விட்டேன். தண்ணீர் வெளியே வழிந்தது. பொழுது இறங்கும்வரை தேய்த்தேன். காக்காதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அவனைக் கல்லறையில் வைத்த வாரம் நான்கு ஊரும் கூடியது. பேசினார்கள். துறைமுகம் சரியாகத்தான் ஏற்றியது. நடுக்குடி சரியாகத்தான் ஏற்றியது. பழையவாடி சத்தியத்தை மீறவில்லை. நாங்கள் பதில் சரியாகக் கொடுத்தோம். ஆக எவன் மேலும் குற்றம் இல்லை என்று முடித்தார்கள். பிறகு கட்டுப்பாட்டை மாற்றினார்கள். புதிதாகக் கொடி தெரிந்தால் பழையதை உடனே இறக்கு. பதில் வந்தாலும் வராவிட்டாலும் இறக்கு. கடைசியாக வந்ததுதான் சேதி, மற்றதெல்லாம் துணி. சொன்னவர் நடுக்குடிப் பெரியவர். எவ்வளவு அறிவாகச் சொல்கிறார் என்று தலையை ஆட்டினார்கள். பிலோமி அக்காள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் எழுப்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

“இதைத்தானய்யா எம் புருசன் சொன்னாரு! சமையக்காரன்னு சிரிச்சீகளேய்யா!”

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது துறைமுகத்தில் ரேடியோ வந்துவிட்டது. கொடி பார்க்கிறவர்கள் இல்லை. மம்மது காக்கா அதற்குப் பிறகு மரத்தடிக்குப் போகவே இல்லை. இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். சேதி சீக்கிரம் வருகிறது என்கிறார்கள். வரட்டும். அது எப்போது கிளம்பியது என்று நான் இன்றைக்கும் கேட்கிறேன். கேட்டால் கிழவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்கிறார்கள்.

நாங்கள் இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் புயல், தலையெழுத்து என்று இரண்டு வார்த்தையில் முடிக்க வேண்டாம்.

வள்ளம் ஐந்து. அவற்றின் பாய், வலை எல்லாம். கோயில் கூரை. எல்லா வீடும்.

ஆள்: சந்தியாகு. அருளப்பன். கபிரியேல். இன்னாசி. சின்ன இன்னாசி. மரியான். மரியானோடு வேலைக்கு வந்திருந்த ஒருவர், அவர் பெயர் மரியானுக்குத்தான் தெரியும். பிலேந்திரன். மிக்கேல். ராயப்பன். ராயப்பனின் அண்ணன் சூசை. அந்தோணி.

கடல் கொன்றது இந்தப் பன்னிரண்டு பேரை. என் தம்பி தொம்மை கடலிலிருந்து தப்பித்து, காலைக் கட்டிக்கொண்டு, கொடி ஏற்றி, திங்கட்கிழமை முழுக்கவும் செவ்வாய்க்கிழமை காலைவரையும் உயிரோடு இருந்தான். அவனைக் கடல் கணக்கில் எழுத நான் விட மாட்டேன்.